மெதுவான கல்லீரலா, வேகமான கல்லீரலா?

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மையத்தின் ஆரம்பகால ஆய்வுகளிலேயே ஒரு விஷயம் பார்த்தார்கள்: ஐசோநியாசிட் என்ற காசநோய் மாத்திரையைச் சிலர் உடல் வேகமாகவும், சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது. காரணம், கல்லீரலில் இந்த வேலையைச் செய்யும் நொதியின் வேகத்தைத் தீர்மானிக்கும், பெற்றோர் வழி வரும் நாட்2 (NAT2) மரபணு.

அதே மரபணு புற்றுநோயிலும் தலையிடுகிறது. சிகரெட் புகையில் அரோமேட்டிக் அமீன்கள் என்ற, புற்றுநோயைத் தூண்டும் வேதிப்பொருட்கள் உண்டு. வேகமான கல்லீரல் அவற்றைச் சீக்கிரம் முடக்கிவிடும். மெதுவானதில் அவை தப்பி, சிறுநீர்ப்பை வரை போய் டிஎன்ஏவைக் கெடுக்கும். அதனால், டீக்கடை வாசலில் சிகரெட்டோடு நிற்கும் தம்பி மெதுவான வகை என்றால், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் அவருக்கு இன்னும் கூடுதல். தயவுசெய்து விட்டுவிடுங்கள், தம்பி. புகைக்காதவர்களிடம் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

சரி, வேகமே மேலா? கருகச் சுட்ட இறைச்சியின் அமீன்களை வேகமான வகை குடலில் ஆபத்தாக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. சான்று அவ்வளவு வலுவாக இல்லை.