கண்டலா, கடற்புல்லா? கொட்டியாரக் குடாவுக்கு எது துணை

திருகோணமலையில், கிண்ணியாப் பாலத்தில் நின்று கொட்டியாரக் குடாவை அடுத்த தம்பலகாமக் குடாவைப் பார்ப்பவர்களுக்குக் கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் உடனே தெரிந்துவிடும். தண்ணீருக்குள் தழைத்திருக்கும் கடற்புல்லை அறிந்தவர்கள், வள்ளம் ஓட்டுகிறவர்களும் ஓரா மீனுக்கு வலை போடுகிறவர்களும்தான். கரையோரத்தைக் காக்க நிதி வந்தால் கண்டல் நடுவதே திட்டமாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காபனைச் சேமித்து வைப்பதைப் பொறுத்தவரை கண்டல்தான் முந்துகிறது. இந்து-பசிபிக் கண்டற்காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வு, ஹெக்டேயருக்குச் சராசரியாக 1,000 தொன்னுக்குச் சற்று மேல் காபன் இருப்பதாகச் சொன்னது. உலகக் கடற்புல் வெளிகளின் அளவீடுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், மேல் ஒரு மீற்றர் மண்ணில் இருந்தது ஏறத்தாழ 140 தொன். முதற்கணக்கில் மரமும் ஆழச் சேறும் சேர்ந்திருப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழுச் சரியல்ல. ஆனாலும் இடைவெளி பெரியது. கடற்புல்லின் உடலில் இருக்கும் காபன் ஹெக்டேயருக்கு இரண்டரைத் தொன் அளவுதான். மற்றதெல்லாம் வேருக்கடியில், ஒட்சிசன் எட்டாத மண்ணில் புதைந்திருக்கிறது. இழுவலை அந்த மண்ணைக் கிளறினால் பல காலச் சேமிப்பு கலைகிறது.

போசணைப் பொருட்களைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் கடற்புல்லின் அருமை தெரிகிறது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. வயல்களில் இட்ட பசளையின் மிச்சமும் அதனோடு வருகிறது. நம் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கண்டலின் வேர்களை நனைப்பது கரையோரத்து ஒடுங்கிய பட்டையில் ஏறி இறங்கும் நீர் மட்டுமே. கடற்புல்லோ இரவும் பகலும் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அதன் இலைகள் ஓட்டத்தைத் தணிக்க, வண்டல் அடியில் படிகிறது. இலையும் வேரும் நைதரசனையும் பொசுபரசையும் உறிஞ்சுகின்றன. வேரடிப் பற்றீரியா நைதரசனில் ஒரு பங்கை வாயுவாக்கி வெளியேற்றுகிறது. இலைகள் உதிர்ந்து கரையொதுங்கும்போது போசணையும் கூடவே வருகிறது. யாழ்ப்பாணத்தில் கரையொதுங்கிய கடற்புல்லான சாதாளையை அள்ளித் தோட்டத்துக்கு இட்டவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல.

இந்தத் தாங்குசக்திக்கும் எல்லை உண்டு. பசளை மிஞ்சினால் நீர் பச்சையாகிவிடும், இலைமேல் பாசி படரும். மேற்பரப்பு ஒளியில் பத்தில் ஒரு பங்காவது அடிவரை வராவிட்டால் கடற்புல் பிழைக்காது. கண்டலுக்கு அந்தக் கவலை இல்லை.

நட்டு வளர்ப்பதில் இரண்டுமே கடினம். சுனாமிக்குப் பின் இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டும், தேறியது ஐந்தில் ஒரு பங்கு அளவே. கடற்புல்லை நடுவது அதைவிடச் செலவு, பிழைப்பதும் நிச்சயமில்லை. எனவே காசைக் கையில் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது, இருக்கும் கடற்புல் வெளியை முதலில் காப்பாற்றுங்கள் என்பதுதான். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் நாளாக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபை 2022இல் ஏற்றபோது அதை முன்னின்று கொண்டுவந்ததே நம் நாடு.

கண்டல் முன்பு நின்று அழிந்த இடத்தில் கண்டலைத் தாராளமாக நடலாம். கரைக்கு வெளியே, எப்போதும் தண்ணீர் நிற்கும் ஆழமில்லாத பரப்பில் நடுவதைத்தான் பயத்தோடு பார்க்கிறேன். கன்றுகள் அங்கே மூழ்கிச் சாகும். குழி தோண்டும்போதே அடியிலிருந்த புல்லும் போய்விடும். நடுவதற்கு முந்தின நாள், வற்று நேரத்தில் அந்த ஊர் மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இறங்கி, காலடியில் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.