தாண்டிக்குடி நிழல்காபி: ஒரு கால் கிலோ பொட்டலத்தின் மதிப்புரை

கீழ்ப்பழனி மலையில் விளையும் காபியில் பெரும்பகுதி வியாபாரிகள் கைக்குப் போய், பட்டிவீரன்பட்டிப் பக்கத்து ஆலைகளில் மற்றத் தோட்டத்துக் கொட்டைகளோடு ஒன்றாகக் கலந்து, ஊர் பேர் தெரியாமல் ஆகிவிடுகிறது. அந்த வழியில் போகாமல், தாண்டிக்குடி அருகே ஒரு சிறு தோட்டக்காரர் தம் அராபிகா வகைக் காபியைத் தாமே பதப்படுத்தி வறுத்து, ‘காட்டு நிழலில் விளைந்தது’ என்ற வாசகத்துடன் அஞ்சலில் விற்கிறார். கால் கிலோ 450 ரூபாய். இந்த விலையில் பாதி அந்த வாசகத்துக்குத்தான் என்பதால், சுவையோடு அதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

வாசகம் பெருமளவு உண்மை என்பது தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் தெரிகிறது. உயரத்தில் பலா, அத்தி, சந்தன வேம்பு, நடுவில் கல்யாண முருங்கை, கீழே காபி. மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, இடையிடையே மலைவாழை. அராபிகா எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் தோன்றிய செடி. நிழலில் அதன் பழம் நிதானமாகப் பழுத்து, கொட்டை இறுகுகிறது. வெயில் படும் தண்டுகளைத் தேடி முட்டையிடும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டின் தொல்லையும் நிழலில் குறைவு. அதற்காக மரங்களைப் போனபோக்கில் விட்டுவிடவும் முடியாது. நிழல் அடர்ந்தால் பூ குறையும், மழைக்காலத்தில் ஈரம் தங்கி இலையும் காயும் அழுகும் என்பதால், ஆண்டுதோறும் ஆள் விட்டுக் கிளை கழிக்கிறார்கள். இந்தக் கூலியும் விலையில் சேர்ந்ததுதான்.

சரிவின் கீழ்ப்பகுதியில் மட்டும் சில்வர் ஓக் வரிசைகட்டி நிற்கிறது. மிளகு ஏற்றவும் தடிக்கு விற்கவும் நடப்படும் இந்த ஆஸ்திரேலிய மரமும் நிழல் தருகிறது என்பது சரி. ஆனால் அதைக் காடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்ட மலை இது. காட்டுமாடும் மலையணிலும் வந்துபோகும் மேல்தோட்டத்தைப் பற்றி உறையில் ஒரு வரிகூட இல்லாதது வியப்பு.

பழம் பறிப்பதில் காட்டும் கவனம்தான் இந்தக் காபியின் பலம். நன்றாகச் சிவந்த பழத்தை விரலால் பிதுக்கினால் இரண்டு கொட்டைகளும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அரைச்சிவப்பில் அப்படி வராது. ஒரே செடிக்குப் பலமுறை போய் அத்தகைய பழத்தை மட்டும் பறித்து, அன்றே தோல் நீக்கி, வழவழப்பு போகும்வரை நொதிக்கவிட்டுக் கழுவி, தரையில் பரப்பாமல் வலைக்கட்டில்களில் காயவைக்கிறார்கள். வகை எஸ்.795. அராபிகாவும் லைபீரிகா என்ற வேறொரு காபி இனமும் கலந்த வழியில் வந்த எஸ்.288-ஐக் கென்ட் வகையோடு இணைத்து உருவாக்கிய பழைய இந்திய இனம் அது.

பால் சேர்க்காமல், காகித வடிகட்டியில் 15 கிராம் தூளுக்கு 240 மில்லி வெந்நீர் ஊற்றி இறக்கியபோது, முதலில் நாரத்தைத் தோலை நினைவூட்டும் மெல்லிய புளிப்பும், ஆறஆற வெல்லப்பாகின் இனிப்பும் வந்தன. கசப்பு நாக்கில் தங்கவில்லை. பித்தளை ஃபில்டரில் போட்டுப் பால் கலந்தால் இந்த நயமெல்லாம் அடங்கிவிடுகிறது. நடுத்தர வறுப்பும் சிக்கரி இல்லாமையும் சேர்ந்து டிகாஷன் மெலிதாகவே இறங்குகிறது. கும்பகோணம் டிகிரி காபியின் கெட்டித்தன்மையை எதிர்பார்ப்பவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம்.

குறைகள் இரண்டு. உறையில் வறுத்த தேதி இல்லை. நல்ல காபிக்கு விலை சொல்பவர்கள் இதை விடக் கூடாது. ஃபில்டருக்கு என்று கேட்டு வாங்கிய தூள் ரவைபோல் பருமனாக வந்தது. வீட்டில் அரைக்கும் வசதி இருப்பவர்கள் கொட்டையாகவே வாங்குவது நல்லது. அறுவடை குளிர்காலத்தில் முடிந்து கொட்டை காய்ந்து ஓய்ந்தபின் வறுப்பதால், புது விளைச்சல் வேண்டுமென்றால் ஏப்ரல் வாக்கில் கேட்டுப் பார்க்கலாம். முந்தைய ஆண்டின் கொட்டையா என்று அப்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.