பழைய ஹைலக்ஸின் ஒட்டோ கியர் ஒயில்: யாழ்ப்பாணத்தில் எந்த சேர்விஸுக்குக் காசு கொடுக்கலாம்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வாங்க நினைத்தவர்களுக்கு இங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களே கதி. பத்து, பதினைந்து வயதான ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினால் எஞ்சின் ஒயில் மாற்றிய பில்லாவது டாஷ்போர்ட்டுக்குள் கிடக்கும். ஒட்டோ கியர்ப் பெட்டிக்கு எப்போது ஒயில் மாறியது, உள்ளே கிடப்பது என்ன ஒயில் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

இப்படி வந்த வாகனத்துக்கு யாழ் நகரிலும் சரி, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கமும் சரி, மூன்று விதமான வேலை சொல்லுவார்கள். அடி நட்டைக் கழற்றி வடிவதை வடியவிட்டு, அந்தளவு புது ஒயில் விடுவது ஒன்று. சம்ப்பை, அதாவது பெட்டியின் அடியில் ஒயில் தேங்கும் தட்டை, இறக்கி, பில்ரரும் கஸ்கெட்டும் மாற்றுவது இரண்டாவது. மெஷின் பூட்டி முழு ஒயிலையும் ஒரே தரத்தில் மாற்றுவது மூன்றாவது. எங்கள் தெரிவு இரண்டாவது. சரித்திரம் தெரியாத பெட்டிக்கு முதல் தடவை கொடுக்கும் காசு, சம்ப்புக்குள் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதற்கான காசாக இருக்கவேண்டும். எத்தனை லீற்றர் புது ஒயில் போகிறது என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு.

கராஜுக்குக் கொண்டுபோக முதலே சில விசயங்களை வீட்டு வாசலில் பார்த்துவிடலாம். எஞ்சின் சூடான பிறகு சமதரையில் ஹான்ட் பிறேக்கைப் போட்டு, கால் பிறேக்கையும் இறுக மிதித்துக்கொண்டு 'என்' இலிருந்து 'டி' க்கு மாற்றுங்கள். வாகனம் ஒரு சின்ன உந்தலோடு கியரைப் பிடிக்கும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ரொயோட்டா பெட்டிகளுக்குக் கணக்கு 1.2 செக்கனுக்குள், 'என்' இலிருந்து 'ஆர்' க்கு 1.5 செக்கனுக்குள். இரண்டு, மூன்று செக்கன் இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைவு, அல்லது கிளச் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகையில் எஞ்சின் மட்டும் ஒருக்கால் உறுமி வேகம் ஏறாமல் நின்றால் அது சறுக்கல். அதை எந்தப் புது ஒயிலும் குணமாக்காது. ஆனால் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது, கல்லுப் பதித்த வீதியில் போவதுபோல ஒரு நடுக்கம் வந்தால் மனம் தளரவேண்டாம். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் ரோர்க் கொன்வேட்டரின் பூட்டுக் கிளச் பழைய ஒயிலில் விட்டுவிட்டுப் பிடிக்கிற நடுக்கமாக அது இருக்கலாம். சரியான ஒயில் மாற்றினாலே பல வாகனங்களில் அது நின்றுவிடும்.

'ஒட்டோ கியர் ஒயிலில் கைவைத்தால் பெட்டி போய்விடும்' என்ற பேச்சு இங்கே பலமாக இருக்கிறது. அதில் பாதி உண்மை. அநேகமானவர்கள் ஒயில் மாற்ற நினைப்பதே சறுக்கல் தொடங்கிய பிறகுதான். அந்தப் பெட்டி எப்படியும் போகப்போவது. போகிற நேரத்தில் ஒயில் மாற்றியதால் பழி ஒயிலில் விழுகிறது. மற்றப் பாதி மெஷின் வேலையோடு வருவது. வருடக்கணக்காக ஓரிடத்தில் படிந்து கிடந்த அழுக்கு, முழு ஒயிலும் ஒரே வேகத்தில் மாறும்போது கிளம்பி, ஒயிலைக் கியர்களுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பொடியின் நுண்ணிய துளைகளில் போய் நிற்கும். அங்கே ஒரு வால்வ் இறுகினால் ஒரு கியரே இல்லாமல் போகும்.

மெஷின் கெட்ட சாமான் என்று சொல்லவரவில்லை. ஒழுங்காக ஒயில் மாறிவந்த, சரித்திரம் தெரிந்த வாகனத்துக்கு அது நல்ல வேலை. பழைய கப்புக்கு மூன்று காரணங்களால் வேண்டாம் என்கிறோம். சம்ப்பைக் கழற்றாமல் செய்தால் பில்ரர் பழையபடியே இருக்கும், சம்ப்புக்குள் இருக்கும் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். முதல் வந்த வாகனத்தின் ஒயில் மெஷினின் குழாய்களில் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று சொல்லப்படும் பொது ஒயில் ஒன்றே மெஷின் தாங்கியில் நிரப்பப்பட்டிருந்தால், உங்கள் பெட்டிக்குள் போவதும் அதுதான். மெஷின் வைத்திருப்பவரிடம் 'சீல் உடைக்காத ரின்னை என் முன்னால் திறந்து ஊற்றுவீங்களோ?' என்று கேளுங்கள். ஓம் என்றால் பேச்சைத் தொடரலாம்.

ஒயிலின் பெயரில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டிப்ஸ்ரிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) உள்ள பழைய ரொயோட்டாப் பெட்டிகளில் ஒயிலின் பெயர் அந்தக் கம்பியிலேயே பொறித்திருக்கும். அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றுக்கு ரைப் ரி-4. டிப்ஸ்ரிக் இல்லாத பிற்காலப் பெட்டிகளுக்கு டபிள்யூ.எஸ். ஐந்து கியர் ஏ750 பெட்டியும் அதற்குப் பின் வந்த ஆறு கியர்ப் பெட்டிகளும் இந்த வகை. டபிள்யூ.எஸ். ரி-4 ஐ விடக் கணிசமாக இளகின ஒயில். இரண்டும் சிவப்புத்தான், இரண்டும் ரொயோட்டாதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றது விட ரொயோட்டாவே அனுமதிக்கவில்லை. யப்பான் 4 லீற்றர் ரின்னில் டபிள்யூ.எஸ். என்றால் 08886-02305, ரி-4 என்றால் 08886-01705 என்ற இலக்கம் இருக்கும்; கடையில் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வராது. மற்ற கப்புகளிலும் இதே கவனம் வேண்டும்: நிசான் நவாராவின் டி40 க்கு வருடத்தைப் பொறுத்து மற்றிக் ஜே அல்லது மற்றிக் எஸ், பழைய மிட்சுபிஷி ரைட்டனுக்கு எஸ்.பி.-3, ஆறு கியர் போர்ட் ரேஞ்சருக்கு மேர்கொன் எல்.வி. 'டெக்ஸ்றன் 3 விட்டால் எல்லாத்துக்கும் சரி' என்பது முந்தைய தலைமுறைப் பெட்டிகளின் அறிவு. அந்தத் தரத்துக்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டர்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது.

இனி சம்ப் வேலை. வாகனம் ஏறியதும் முதலில் கழற்றவேண்டியது ஒயில் விடும் நட். வடிக்கும் நட்டில் கைவைப்பது அதற்குப் பிறகுதான். டிப்ஸ்ரிக் இல்லாத பெட்டிகளில் விடும் நட் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும். பண்ணைப் பாலம், குறிகட்டுவான் வீதி என்று கடற்காற்றிலேயே ஓடிய வாகனங்களில், வல்வெட்டித்துறை, மயிலிட்டிப் பக்கம் படகு இழுத்துக் கடல்தண்ணீருக்குள் பின்சில்லு இறக்கிய வாகனங்களில், அந்த நட் துருவேறிப் பிடித்திருக்கும். ஒயிலை வடித்துவிட்டு அது கழலாது என்று கண்டால் வாகனம் அங்கேயே கிடக்கவேண்டியதுதான். முதல்நாள் துருநீக்கி அடித்து ஊறவிடச் சொல்லுங்கள்.

வடித்ததை அளவு போட்ட தெளிவான போத்தல்களில் எடுக்கவேண்டும். வாளியில் பிடித்து 'மூன்று லீற்றர் மட்டில' என்று சொல்வது போதாது. நிறத்தைப் பாருங்கள்: கருஞ்சிவப்பு, மண்ணிறம் என்றால் வயது. கறுத்து, கருகின மணத்தோடு வந்தால் கிளச் பிளேட் எரிந்திருக்கிறது. சம்ப் இறங்கியதும் காந்தங்களைப் பாருங்கள். கிறீஸ் போன்ற மெல்லிய சாம்பல் பசை வழமையான தேய்மானம். துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். விரலில் குத்தும் இரும்புச் சீவல் என்றால் பல்லோ பெயாரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் சம்ப்பின் அடியில் பித்தளை நிறத்தில் மினுங்கும் துகள்கள் இருந்தால் புஷ், வோசர் தேய்கிறது. இந்தக் கடைசி இரண்டில் எதைக் கண்டாலும் புது ஒயில் வாங்கும் காசை நிறுத்திவைத்து, பெட்டியைத் திறப்பதா, இன்னொரு பெட்டி பார்ப்பதா என்று யோசியுங்கள். இந்த ஒரு பார்வைக்காகத்தான் சம்ப் வேலை முன்னுக்கு நிற்கிறது.

பில்ரரை இழுக்கும்போது அதன் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங் மேலே துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கவனியாமல் புதியதைப் பூட்டினால் இருக்கை சரியாக அமையாது. பம்ப் ஒயிலோடு காற்றையும் இழுக்கும், பெட்டி இரையும், சறுக்கும். பிறகு 'ஒயில் மாத்தினதாலதான்' என்பார்கள். பில்ரரைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுவதும் வேண்டாம்; உள்ளே துணி போன்ற படை உள்ளவற்றைக் கழுவினால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும்.

சம்ப் போல்ற்கள் மிகச் சின்னவை. ஏ750 இல் அவற்றின் இறுக்கம் 4.4 நியூற்றன் மீற்றர்தான், அதாவது இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. வடிக்கும் நட்டுக்கு 20. றச்செற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு இறுக்கினால் சம்ப்பின் விளிம்பு வளைந்து, கஸ்கெட் பிதுங்கி ஒழுகும். ஒழுகுகிறதென்று சிலிக்கோனை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கிய துண்டு கழன்று பில்ரரை அடைக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் இல்லாத கராஜில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அளவு பார்க்கும் இடத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. டிப்ஸ்ரிக் உள்ள பெட்டியில் ஒயில் 70 முதல் 80 பாகை வரை சூடாக இருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியரை 'பி' யிலிருந்து 'எல்' வரை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்ப 'பி' க்குக் கொண்டுவந்து, 'ஹொட்' அடையாளத்துக்குள் பார்க்கவேண்டும். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் மட்டம் கூடக் காட்டும். அதை நம்பினால் பெட்டி குறைவான ஒயிலோடு ஓடும். டிப்ஸ்ரிக் இல்லாத பெட்டியில் சம்ப்பின் அடியில் மட்ட நட் ஒன்று உண்டு. எஞ்சின் ஓட, வாகனத்தின் கணினியைப் படிக்கும் ஸ்கானரில் ஒயில் வெப்பம் அந்தப் பெட்டிக்குச் சொன்ன எல்லைக்குள் வரும்போது அதைத் திறந்தால் மிகையானது வழிந்து, பிறகு சொட்டுச் சொட்டாகக் குறையும். அந்த நேரம் மூடவேண்டும். 10 லீற்றர் ஒயில் 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய மூன்றிலொரு லீற்றர் பெருக்கும். ஆகவே வெப்பம் பாராமல் மட்டம் பார்த்தால், நட் திறந்ததும் மூடியதும் பயனில்லை. 'ஸ்கானர் தேவையில்லை, கை வைத்துப் பார்த்தாலே தெரியும்' என்று சொல்லும் இடத்தை விட்டு வேறிடம் பாருங்கள்.

அடுத்தது லீற்றர்க் கணக்கு. மொத்தம் 10 லீற்றர் பிடிக்கும் பெட்டியில் ஒருமுறை 3 லீற்றர் வடியும் என்று வைத்துக்கொண்டால், முதல் தடவையில் 30 வீதம் புதிது. இரண்டாவதில் 51, மூன்றாவதில் 66, நான்காவதில் 76. சம்ப் வேலைக்குப் பிறகு 1,000 கிலோமீற்றர் ஓடவிட்டு ஒரு சாதாரண வடிப்பு, இன்னொரு 1,000 இல் இன்னொன்று. மூன்று ரின், அதாவது 12 லீற்றர், மூன்று வேலைக்கும் போதும். அழுக்கு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சாதாரண வடிப்பு மலிவு, அரை மணித்தியால வேலை. முதல் தடவைக்குத்தான் அது போதாது. தொடர்ச்சிக்கு அதைவிட நல்லது இல்லை. பிறகு 40,000 கிலோமீற்றருக்கு ஒரு வடிப்பு என்று வைத்திருங்கள். 'வாழ்நாள் ஒயில்', அதாவது மாற்றவே தேவையில்லை என்ற பேச்சு, சுமை இழுக்காத வாகனத்துக்கு. இழுவைக்கும் பாரத்துக்கும் பாவிக்கும் வாகனத்துக்கு ரொயோட்டாவே அமெரிக்கக் கையேடுகளில் 60,000 மைலில் மாற்றச் சொல்கிறது. மணற்காடு மணலில் படகு இழுக்கும் கப்புக்கு அதுவும் தூரம்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு ஆபத்து ரேடியேற்றரில் இருக்கிறது. பல கப்புகளில் கியர் ஒயிலைக் குளிராக்கும் குழாய் ரேடியேற்றரின் அடித் தாங்கிக்குள்ளேதான் ஓடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கடினத் தண்ணீர்; கடலோரக் கிணறுகளில் உப்பும் சேரும். கூலன்ற்றுக்குப் பதில் வருடக்கணக்காக அதையே ஊற்றிய ரேடியேற்றரில் காவி படியும், உலோகம் அரிக்கும். உள்குழாய் ஓட்டையானால் தண்ணீரும் கியர் ஒயிலும் கலந்து, ஸ்ரோபெரி மில்க்சேக் போல இளஞ்சிவப்பாக வரும். கிளச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் படை தண்ணீரில் ஊறி உரிந்துவிடும் என்பதால் அந்த நிறத்தைக் கண்ட இடத்திலேயே வாகனத்தை நிறுத்தவேண்டும், கராஜுக்குக்கூட ஓட்டிப்போகக் கூடாது. பழைய கப் வாங்கினால் கியர் ஒயிலோடு ரேடியேற்றர் மூடியையும் திறந்து பாருங்கள். உள்ளே துருத்தண்ணீரோ வெள்ளைக் காவியோ தெரிந்தால், கியர் ஒயிலுக்கு முன் ரேடியேற்றரைப் பாருங்கள்.

கராஜைத் தெரிவுசெய்யும்போது கேட்கவேண்டிய இன்னொன்று, வடித்த ஒயில் எங்கே போகிறது என்பது. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பாகியது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாக நிலத்தில் ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போகும். பீப்பாயில் சேர்த்து, எடுக்க வருபவர்களுக்குக் கொடுக்கும் கராஜுகள் இருக்கின்றன. பின்வளவில் கறுத்த மண் தெரியும் கராஜுக்கு, வேலை எவ்வளவு திறமாக இருந்தாலும், நாங்கள் ஒருவரையும் அனுப்பமாட்டோம்.

வேலை முடிந்து எடுக்கும்போது காலி ரின்களையும் பழைய பில்ரரையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை லீற்றர் வடிந்தது, எத்தனை விட்டது, ஒயிலின் பெயர், கிலோமீற்றர், திகதி ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி, சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டுங்கள். அடுத்த நாள் காலை, எஞ்சினை ஸ்ராட் பண்ண முதல், வாகனத்துக்குக் கீழே ஒரு பழைய காட்போட் மட்டையை விரித்துப் பாருங்கள். அதில் சிவப்புச் சொட்டு விழுந்திருந்தால் அன்றே திரும்பக் கொண்டுபோங்கள்.