பொங்கிக் கரையும் வைட்டமின் சி மாத்திரை: மூன்று டப்பா குடித்த பிறகு

ஃப்ளூ சீசன் தொடங்கி ஆபீஸில் ஒவ்வொருவராக இருமத் தொடங்கியதும் எனக்கும் பயம் வந்து, மருந்துக்கடையில் முதலில் கண்ணில் பட்ட ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ மாத்திரையை வாங்கிவிட்டேன். தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று பொங்குமே, அந்த வகை. பிராண்டு பெயர் வேண்டாம், லேபிளைப் படித்தால் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான்.

ருசியில் குறை சொல்ல முடியாது. ஆரஞ்சு சோடா மாதிரி இருக்கும், வெறும் தண்ணீர் குடிக்கவே அலுத்துக்கொள்ளும் நான் தினமும் ஒரு பெரிய டம்ளர் முழுக்கக் குடித்தேன், அது நல்லதுதான். டப்பாவின் முன்பக்கம் ‘இயற்கை’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் செயற்கை இனிப்பு, நிறமி, சோடியம் பைகார்பனேட். அந்தப் பொங்கலே சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் சண்டை போடுவதால் வருவதுதான், எதிர்ப்புச் சக்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு மாத்திரையில் கால் கிராமுக்கு மேல் சோடியம், பிபி இருப்பவர்கள் கவனிக்க. அப்புறம் இரண்டாம் நாளே சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனது, பதறிவிட்டேன். உள்ளே இருக்கும் வைட்டமின் பி2 வேண்டாத அளவு வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

சரி, வேலை செய்ததா? ஐந்தாவது வாரம் காய்ச்சல், உடம்பு வலி என்று நான்கு நாள் படுத்துவிட்டேன்.

என் ஒருத்தன் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று படுத்தபடியே தேடிப் படித்தேன். வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்பது, இரண்டு நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1970-இல் கிளப்பிவிட்ட நம்பிக்கை. அதற்குப் பிறகு நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், தினமும் வைட்டமின் சி சாப்பிட்டாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறையவில்லை, பெரியவர்களுக்கு வந்த சளி சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகிறது, அதாவது ஏழு நாள் சளியில் ஏறக்குறைய அரை நாள். மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் ராணுவத்தினர் போன்றவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்ததாம், நான் லிஃப்டில் போகிற ஆள். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு அள்ளிப் போட்டுக்கொள்வதால் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. இத்தனையும் சளிக்கு, ஃப்ளூவுக்குக்கூட இல்லை. என் மாத்திரையில் 1000 மில்லிகிராம், தேவையோ 100-க்கும் கீழே. அதிகமானால் உடம்பு உறிஞ்சும் பங்கு குறைந்துகொண்டே போகும், 2000-ஐத் தாண்டினால் வயிறு கலக்கும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எனக்கு உண்மையில் எரிச்சல் மாத்திரை மீது இல்லை, அது கொடுத்த தெம்பு மீது. ‘அதான் தினமும் குடிக்கிறோமே’ என்று ஃப்ளூ தடுப்பூசியைத் தள்ளிப் போட்டேன், போட்டாலும் அது வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும் என்பது வேறு. இரவு ஒரு மணி வரை லேப்டாப், ஐந்து மணி நேரத் தூக்கம், காலையில் ஒரு டம்ளர் நுரை. 2015-இல் வந்த ஓர் ஆய்வில் 164 பேர் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்திருக்கிறார்கள் (யார் சம்மதித்தார்களோ!), ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். தூக்கத்துக்கு டப்பா கிடையாது, விளம்பரமும் கிடையாது.

ருசிக்கு நாலு ஸ்டார், எதிர்ப்புச் சக்திக்கு ஒன்று. பேக்கிங்குக்கும் ஒன்றுதான், மூன்றாவது டப்பாவின் மூடியை ஒரு ராத்திரி சரியாக அழுத்தாமல் விட்டதில் மிச்சமிருந்த எட்டு மாத்திரையும் ஈரம் பிடித்து ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. நான்காவது வாங்கவில்லை.