மூன்று பெட்டி மெஷ் வைஃபை: நடமாட்டம் உள்ள வீட்டில் எப்படி இருக்கிறது?

திருநெல்வேலி டவுனின் பழைய வீடுகள் அகலம் குறைந்து, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று நீளவாக்கில் உள்ளே போய்க்கொண்டே இருப்பவை. தடித்த செங்கல் சுவர்களைத் தாண்டி ஒரே ரூட்டரின் சிக்னல் புறவாசல்வரை எட்டாததால், ஜங்ஷனில் ஒரு கடையில், ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுப்பை வாங்கினோம். ஓரிடத்தில் உட்கார்ந்து பயன்படுத்துவோருக்கு இதில் குறை ஒன்றுமில்லை. மச்சில்கூட வீடியோ தடங்கலின்றி ஓடுகிறது.

வீட்டுக்குள் எங்கே நடந்தாலும் இணைப்பு அறாது என்று அட்டையில் அச்சிட்டிருந்த வாக்குறுதி, நடந்துகொண்டே பேசும்போதுதான் தடுமாறியது. வாட்ஸ்அப் அழைப்போடு தார்சாவிலிருந்து அடுக்களைக்குப் போனால், இரண்டாங்கட்டைக் கடந்ததும் குரல் அறுபட்டது. நடையின் வேகத்தால் அலைவரிசையில் ஏற்படும் டாப்ளர் விலகல் சில பத்து ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும் என்பதால் அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. எந்தப் பெட்டியோடு இணைவது என்பதைப் பெரும்பாலும் கைபேசியே முடிவு செய்கிறது. அது முன்கட்டுப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஐபோனானால் சிக்னல் −70 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அளவுக்கு இறங்கிய பிறகே அடுத்ததைத் தேடத் தொடங்குகிறது. அப்படி மாறும்போது பாதுகாப்புச் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்குவதற்கென்றே 2008-இல் வந்த 802.11 ஆர் என்ற தரநிலை, இந்தத் தொகுப்பில் இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. செயலியில் அதைத் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அதை இயக்கிய பின் புதிய கைபேசிகளில் அறுபடுவது காதில் விழாத அளவுக்குக் குறைந்தது.

நாம் அசையாவிட்டாலும் மற்றவர்கள் அசைவது போதும். ஆனித் தேரோட்டத்தன்று பட்டாசல் நிறைய உறவினர் கூடியிருந்தபோது, சுவரில் மாட்டிய டிவிக்கு வரும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நீர் மிகுந்த மனித உடல் இந்த அலைகளை உறிஞ்சுகிறது. சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகளின் பாதையையும் நடப்பவர்கள் ஓயாமல் மாற்றுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான் என்பதால், ஒருவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தாலும் நல்ல சிக்னல் மங்கிவிடக்கூடும். பொருத்த வந்தவர் பீரோவை ஒட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் போன நடுப்பெட்டியை, ஆள் உயரத்துக்கு மேலே சுவர்ப் பலகைக்கு ஏற்றிய பிறகு இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகத் தணிந்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் அதே ஆள் நடமாடும் வழியில்தான். முதல் இரண்டுக்கும் இடையே லேன் கேபிள் இழுத்தது கொடுத்த காசுக்குப் பயனுள்ள வேலை.

நீளமான வீட்டுக்கு இதை வாங்கலாம். ஆனால் பெட்டி மாறுவதற்குக் கைபேசிக்கு உதவும் 802.11 கே, வி, ஆர் என்ற மூன்று தரநிலைகளும் உண்டா, ஒவ்வொரு பெட்டியிலும் லேன் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். சிறிய வீட்டுக்கு உயரத்தில் மாட்டிய ஒற்றை ரூட்டரே போதும்.