காரைக்குடிப் பக்கம் டீச்சர் வேலை: மூன்று பள்ளி, மூன்று மதியச் சாப்பாடு

அண்ணன் மகள் ஆசிரியர் பயிற்சி முடித்து, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் பாஸாகிவிட்டாள். காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளி, தேவகோட்டைப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளி என்று இரண்டு அழைப்புகள். இரண்டும் வேண்டாம், அரசு வேலைக்கே படிக்கலாமா என்று ஒரு யோசனையும் உண்டு. "எது அத்தை நல்லது?" என்கிறாள்.

மெட்ரிக்கில் நான்கு வருஷம் குப்பை கொட்டியவள் நான். இப்போது அரசு தொடக்கப் பள்ளி. வீட்டுக்காரர் உதவி பெறும் பள்ளியில். சம்பளக் கணக்கை அவளே போட்டுக்கொள்வாள். நான் பார்க்கச் சொன்னது வேறு: அந்தப் பள்ளியில் டீச்சர் யாருக்குப் பயப்படுகிறார், அந்தப் பயம் வகுப்பில் யார் தலையில் விடிகிறது?

முதலில் மெட்ரிக். நான் இருந்த பள்ளியில் வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடக்காதாம். இரவு பத்து மணிக்கு வாட்ஸப் குழுவில் ஒரு அம்மா, "டைரியில் ஹோம்வொர்க் எழுதவே இல்லையே மிஸ்" என்று போட்டார். காலையில் தாளாளர் அறையில் எனக்கு அர்ச்சனை. அப்புறம் அந்தப் பையனைப் பார்த்தாலே அவன் அம்மாதான் கண்ணில் தெரிந்தார். அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். வருஷம் முழுக்க அவன் சும்மாவே உட்கார்ந்திருந்தான், யாரும் புகார் சொல்லவில்லை.

சாப்பாடு கால் மணி நேரம், ஆளுக்கொரு மூலை. ஜூன் பிறந்தால் பாதி முகம் புதுசு என்பதால் யாரும் யாரிடமும் ஒட்டுவதில்லை. ஒன்று சொல்ல வேண்டும், பாடக் குறிப்பு ஒழுங்காக எழுத அங்கேதான் கற்றேன்.

உதவி பெறும் பள்ளி இதற்கு நேர் எதிர். கோயில் திருப்பணியும் ஊருணியும் செய்த கையோடு நகரத்தார் பள்ளிக்கூடமும் வைத்த ஊர்கள் இவை. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரியே தொடங்கினார். அந்த வழிப் பள்ளிகளில் சம்பளம் அரசு தருகிறது, ஆளை எடுப்பது நிர்வாகம். சேர்ந்தவர் பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை அங்கேதான். மதியம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் எங்கள் பக்கத்துக் குழம்பான வெண்டைக்காய் மண்டி கொண்டுவந்தால் எட்டு டப்பாவுக்கும் போகும். ஆனால் ஜன்னலோரம் சீனியருக்கு, தண்ணீர் எடுத்துவருவது கடைசியாகச் சேர்ந்தவர். பள்ளிச் செயலர் வீட்டு விசேஷமென்றால் அத்தனை பேரும் பந்தியில் நிற்க வேண்டும்.

முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருப்பதன் ருசியும் கசப்பும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: "உங்கப்பனுக்கும் நான்தான்டா கணக்கு எடுத்தேன்." ஒரு பையனுக்கு அது உரிமை. இன்னொருவனுக்கு, "அவனும் இப்படித்தான் மக்கு" என்று அடுத்த வரியும் சேர்ந்து வரும்.

அங்கே பயம் எண்ணிக்கை மேல். பிள்ளைகள் குறைந்தால் போஸ்ட் உபரி. அதனால் மே மாத வெயிலில் வீட்டுக்காரரும் சக ஆசிரியர்களும் கிராமம் கிராமமாகப் பிள்ளை பிடிக்கப் போகிறார்கள். அப்படித் தேடிப் பிடித்த பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டு வாசலில் சார் நிற்பார். மெட்ரிக்கில் இதை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் அரசுப் பள்ளிக்கு ஸ்டாஃப் ரூமே கிடையாது. ஐந்து வகுப்பு, நானும் தலைமை ஆசிரியையும் மட்டும். அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் என் தலையில். இந்த உறவு மாமியார் மருமகள் மாதிரி, பிடிக்காவிட்டாலும் அடுப்பு ஒன்றுதான். ஒருமுறை பிள்ளைகள் விவரம் ஏற்றும் எமிஸ் ஆன்லைன் பதிவில் யார் தப்பு என்று சண்டை வந்து, இரண்டு வாரம் பேச்சே இல்லை. "பெரிய டீச்சர்கிட்ட சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்று பிள்ளைகளை விட்டுத்தான் எல்லாம். ஒரு மூன்றாம் வகுப்புக்காரி சாக்பீஸை நீட்டிக்கொண்டே, "டீச்சர், நீங்க ரெண்டு பேரும் காய் விட்டிருக்கீங்களா?" என்றாள். அன்று மதியமே பழம் விட்டோம். அந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இங்கே பயம் அதிகாரி வருகையும் ஆன்லைன் பதிவும். பிள்ளைக்கு அதில் அடி விழுவதில்லை, பாட நேரம்தான் போகிறது. காலை உணவு 2023இல் வந்ததிலிருந்து பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே வந்துவிடுகிறார்கள்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணியில் இருப்பவர்களுக்கும் டெட் கட்டாயம் என்றதிலிருந்து, ஐம்பதை நெருங்கும் சீனியர்கள் கைடும் கையுமாக இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பள்ளியில் இப்போது சின்னவர்தான் பெரியவருக்கு டெட் தேர்வுக்கான உளவியல் சொல்லித் தருகிறார். ஜன்னலோர இடம் மட்டும் மாறவில்லை.

என்னைக் கேட்டால் உதவி பெறும் பள்ளிதான். ஆனால் அது கல்வித்துறை ஒப்புதல் கிடைக்கிற காலியிடமா என்று முதலில் கேட்கணும். நியமன ஒப்புதல் வராமல் வருஷக் கணக்கில் சம்பளமில்லாமல் நின்றவர்கள் உண்டு. திங்கட்கிழமை நேர்முகம். மதியம்வரை ஏதாவது சாக்குச் சொல்லி அங்கேயே இரு, டப்பா திறக்கிற நேரத்தில் பார் என்றேன்.

"அப்ப நான் என்ன அத்தை கொண்டுபோகட்டும்?"

மண்டி. எட்டுப் பேருக்கு வருகிற மாதிரி.