மூக்கனேரிக் கரையா, ஏற்காட்டு மலைப்பாதையா?

சேலத்தில் மிதிவண்டி ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ள விரும்புவோர்க்கு இரண்டு வழிகள் உள்ளன: நாள்தோறும் கன்னங்குறிச்சி மூக்கனேரி வரை சென்று திரும்புவது, அல்லது வாரம் ஒருமுறை ஏற்காடு ஏறுவது.

மலைப்பாதையின் ஈர்ப்பை மறுப்பதற்கில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஊரை அடையும்போது, அங்குள்ள குளிர்காற்றே உழைப்புக்குக் கூலியாகிவிடுகிறது. ஆனால் அதற்குக் கியர் வண்டி இருப்பது நல்லது; இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் ரிம் சூடேறும் என்பதால், விட்டுவிட்டுப் பிடிக்கும் பழக்கமும் வேண்டும். விடுமுறை நாளென்றால் கார்களின் நெரிசல் வேறு.

ஏரிப் பாதைக்கோ வீட்டில் தூசி படிந்து நிற்கும் பழைய வண்டியே போதும். சங்கிலிக்கு எண்ணெயிட்டு, காற்றடித்தால் ஆயிற்று. வெயில் ஏறுமுன் சென்றால், ஏரித் திட்டுகளிலுள்ள மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துவதைக் காணலாம். நேற்று சேர்வராயன் மலையை மறைத்த மேகம் இன்று விலகியிருப்பதும், டீக்கடையில் முதல் பால் பொங்கும் நேரமும் நாள்தோறும் செல்பவருக்கே பிடிபடும். அன்றாடத்தின் மகிழ்ச்சி என நான் கருதுவது இதைத்தான். ஆகவே என் தேர்வு ஏரிப் பாதையே. மலைக்கு மாதம் ஒருமுறை, அதுவும் வேலைநாளில் சென்றால் போதும்.